ஒரு முழத் தாளில் ஐந்து ஆறு!

ஒரு காகிதம். அதன் நீளம் ஏறக்குறைய ஒரு முழம். அகலமும் ஒரு முழம். சுருட்டினால் கக்கத்தில் அடங்கிவிடும்.

அந்தக் காகிதத்துக்குள் ஐந்து ஆறுகள் ஓடுகின்றன!

ஆறுகள் மட்டும் அல்ல. தஞ்சைப் பெரிய கோவில் இருக்கிறது. திருவையாறு இருக்கிறது. ரெயில் பாதை இருக்கிறது. வயலும் வாய்க்காலும், குளமும் தோப்பும், சின்னதும் பெரியதுமாக ஏராளமான ஊர்களும் இருக்கின்றன.

இது மாயம் அல்ல. மந்திரமும் அல்ல. இந்திய நில அளவைத் துறை தயாரித்த நிலப்படம்.

தரையில் ஒரு மைல் தூரம், இந்தப் படத்தில் ஒரு அங்குலம். அந்தக் கணக்கில் ஒரே தாளில் சுமார் 290 சதுர மைல் நிலம் அடங்கிவிடுகிறது.

1950-ம் ஆண்டுகளில் கலெக்டர் அலுவலகத்திலும், மராமத்து இலாகாவிலும், ராணுவத்திலும் இந்த "ஒரு அங்குலப் படம்" புழங்கியது. சாதாரணக் குடியானவர் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவருடைய வயலுக்குத் தண்ணீர் வந்த வழி அந்தப் படத்தில் இருந்தது.

இன்று அந்தப் பழைய தாளை விரித்துப் பார்ப்பதில் ஒரு பெரிய பயன் இருக்கிறது. அது என்ன?

முதலில் படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்.

தாளின் விலாசம்

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு எண் உண்டு. தஞ்சாவூரும் திருவையாறும் உள்ள தாளின் எண் "58 என்/1".

இது என்ன புதிர்? புதிர் அல்ல, விலாசம்!

கடிதத்தில் ஜில்லா, ஊர், தெரு என்று எழுதுகிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

நாடு முழுவதையும் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் 58-வது கட்டத்தில் தமிழ்நாட்டின் தென்பகுதி வருகிறது. அந்தக் கட்டத்தைப் பதினாறாகப் பிரித்து, ஆங்கில எழுத்துக்களைப் பெயராகக் கொடுத்தார்கள். அதில் ஒன்று "என்". அந்த "என்" கட்டத்தை மறுபடியும் பதினாறாகப் பிரித்தார்கள். அதில் முதல் தாள்தான் தஞ்சாவூர்.

கும்பகோணம் வேண்டுமா? கிழக்கே அடுத்த தாள். கல்லணை வேண்டுமா? மேற்கே அடுத்த தாள். எல்லாத் தாள்களையும் ஒட்டினால் காவிரிப் படுகை முழுவதும் கூடத்தில் விரித்த பாய் போல வந்துவிடும்.

நிறம் சொல்லும் கதை

படத்தில் ஆறு நிறங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை.

நீலம் என்றால் தண்ணீர். ஆறு, கால்வாய், நீர் நிற்கும் குளம், கிணறு எல்லாம் நீலம்.

மஞ்சள் என்றால் பயிர் செய்யும் நிலம்.

பச்சை என்றால் காடும் தோப்பும்.

சிவப்பு என்றால் சாலையும் வீடுகளும். கோவில்களும் சிவப்புதான்.

கறுப்பில் ஊர்ப் பெயர்கள், எல்லைகள், ரெயில் பாதை இருக்கும். மழைக்கு ஓடி, வெயிலுக்கு வறளும் ஓடையும் கறுப்புதான். நீர் வற்றிய ஆற்றில் கரிய புள்ளிகள் இருந்தால் மணல் என்று அர்த்தம்.

கடைசியாக, பழுப்பு. மேடு பள்ளத்தைக் காட்டும் கோடுகள் இந்த நிறத்தில் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து ஒரு கோடு போடுவார்கள். இன்னும் 50 அடி உயரம் ஏறினால் அடுத்த கோடு. நீலகிரிப் படத்தில் இந்தக் கோடுகள் தலைமுடி போல நெருக்கமாக இருக்கும்.

தஞ்சைத் தாளில்?

தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்! ஆற்றுப் பாசனப் பகுதி முழுவதும் மஞ்சளும் நீலமும்தான். பழுப்புக் கோடு அங்கொன்று இங்கொன்று.

தெற்கே வல்லம் இருக்கும் அடுத்த தாளுக்குப் போனால்தான் மேட்டு நிலம் வருகிறது. அங்கே ஆறுகள் குறைந்து, ஏரிகள் தொடங்குகின்றன. ஆறு பாயாத நிலத்தில், மழைநீரைக் கரை போட்டுத் தேக்கியிருக்கிறார்கள் நம் முன்னோர்.

மேடு இல்லாத இடத்தில் தண்ணீர் ஓடுவது எப்படி?

சரிவு இல்லாவிட்டால் தண்ணீர் ஓடாது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

காவிரிப் படுகையிலும் சரிவு இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சரிவு. மேற்கே இருந்து கிழக்கே கடலை நோக்கி நிலம் மெல்ல மெல்லத் தாழ்கிறது.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. மற்ற இடங்களில் ஆறு பள்ளத்தில் ஓடும். படுகையிலோ பல இடங்களில் ஆறு சற்று மேட்டில் ஓடுகிறது!

காரணம் வண்டல். வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு வண்டலைக் கொண்டுவந்து தன் இரு கரையிலும் போடுகிறது. பல ஆயிரம் ஆண்டுகள் இப்படிப் போட்டதில் ஆற்றின் ஓரம் உயர்ந்துவிட்டது. வயல் தாழ்ந்து நிற்கிறது.

இதனால்தான் ஏற்றமும் கவலையும் இல்லாமல், மடையைத் திறந்ததும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாய்கிறது.

இதனால்தான் கரை உடைந்தால் ஊரே மூழ்கிவிடுகிறது.

வரமும் சாபமும் ஒரே இடத்தில்!

சேராத ஆறுகள்

படத்தில் இன்னொரு அதிசயமும் இருக்கிறது.

மலை நாட்டில் சின்ன ஓடைகள் சேர்ந்து ஆறாகும். ஆறுகள் சேர்ந்து பெரிய ஆறாகும்.

தஞ்சைத் தாளில் இது தலைகீழ். பெரிய ஆறு பிரிந்து சின்ன ஆறாகிறது. சின்ன ஆறு வாய்க்காலாகிறது. வாய்க்கால் கிளை வாய்க்காலாகி, வயலில் போய் முடிகிறது. அரச இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நரம்புகள் தெரியுமே, அதுபோல!

தஞ்சாவூரிலிருந்து திருவையாறுக்கு எட்டு மைல். படத்தில் எட்டு அங்குலம். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். இந்த ஐந்து ஆறுகளால்தான் திருவையாறுக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

மற்றப் படங்களில் நீலக் கோடு தண்ணீர் ஓடும் வழி. இந்தப் படத்தில் நீலக் கோடு ஒவ்வொன்றும் ஒரு பங்கு. இந்த ஊருக்கு இவ்வளவு, அந்த ஊருக்கு அவ்வளவு என்று பிரித்துக் கொடுத்த பங்கு.

பங்கு பிரிக்கும் முதல் இடம் முக்கொம்பு. திருச்சிக்கு மேற்கே காவிரி அங்கே இரண்டாகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. அடுத்த இடம் கல்லணை. கரிகால் சோழன் கட்டியதாகப் புகழ் பெற்றது. அங்கிருந்து காவிரியும் வெண்ணாறும் பிரிகின்றன. மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்தில் இறங்குகிறது.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஆபத்து வந்தது. காவிரியில் மணல் மேடிட்டது. கொள்ளிடம் தாழ்வாக இருந்ததால், தண்ணீர் அந்தப் பக்கமே ஓடத் தொடங்கியது. தஞ்சை வயல்கள் காயும் நிலை!

ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினீயர் 1836-ம் ஆண்டு கொள்ளிடத்தின் தலைப்பில், முக்கொம்பில், மேலணை கட்டும் வேலையைத் தொடங்கினார். தண்ணீர் மறுபடியும் காவிரிக்குத் திரும்பியது.

கயிறு அறுந்தது!

இவ்வளவு நுணுக்கமான படத்தை எப்படித் தயாரித்தார்கள்? ஆகாய விமானம் இல்லாத காலத்தில் தொடங்கிய வேலை இது.

1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி. சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, இரும்புச் சங்கிலியால் தரையை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் தூரத்தை அளக்க 57 நாட்கள் ஆயின!

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் கணக்குத்தான். லாம்டன் அந்த ஏழரை மைலை முதல் பக்கமாக வைத்துக்கொண்டு, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாட்டையே அளக்கப் புறப்பட்டார்.

கோணத்தை அளக்க அவரிடம் "தியோடலைட்" என்ற கருவி இருந்தது. அதன் எடை சுமார் அரை டன்! அது இங்கிலாந்திலிருந்து வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு, "இது விஞ்ஞானக் கருவி" என்று அறிந்து, மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள்.

கோணம் அளக்க, தூரத்தில் உள்ள கொடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். மலை நாட்டில் குன்றின் மேல் ஏறிப் பார்க்கலாம். தஞ்சையில் குன்றுக்கு எங்கே போவது? எங்கே பார்த்தாலும் தென்னையும் பனையும் மறைத்தன.

லாம்டன் சுற்றிலும் பார்த்தார். கோவில் கோபுரங்கள் கண்ணில் பட்டன!

1808-ம் ஆண்டு. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் அந்த அரை டன் கருவியைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். கருவி உயர உயரப் போயிற்று. அப்போது, கயிறு அறுந்தது! கருவி விமானத்தின் சுவரில் மோதி நசுங்கியது.

வேறு யாராக இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் போனார். ஆறு வாரம் உட்கார்ந்து, வளைந்துபோன வட்டத்தைத் தம் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். வேலை தொடர்ந்தது.

இந்த முக்கோணங்கள் பின்னர் இமயமலை வரை சென்றன. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டதும் இந்த அளவைதான்.

நடந்தே வரைந்தார்கள்

முக்கோணம் எலும்புக்கூடுதான். அதற்குத் தசை வைத்தவர்கள் வேறு.

முக்காலியின் மேல் ஒரு பலகை. பலகையில் ஒட்டிய காகிதம். குறிபார்க்க ஒரு சட்டம். அளவர் இதை வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். கொடி பிடிக்கவும், சங்கிலி இழுக்கவும், பலகை சுமக்கவும் கலாசிகள் உடன் நடந்தார்கள்.

வாய்க்கால், பாதை, கோவில் என்று பார்த்துப் பார்த்துக் குறித்தார்கள். "இது என்ன ஊர்? இது என்ன ஆறு?" என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்டுக் கேட்டுப் பெயரை எழுதினார்கள்.

படத்தின் ஓரத்தில் பெரிய உத்தியோகஸ்தரின் பெயர் இருக்கும். சேற்றில் நடந்த கலாசியின் பெயர் இருக்காது.

புதிதாக வந்த ஆறு

நிலம் மாறும்போது படமும் மாறும். தஞ்சைத் தாளில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு.

1934-ம் ஆண்டு மேட்டூர் அணை முடிந்தது. அதே திட்டத்தில் கல்லணையிலிருந்து ஒரு புதிய கால்வாய் வெட்டினார்கள். அதன் நீளம் சுமார் 148 கிலோமீட்டர். தஞ்சாவூர் நகருக்குள் பெரிய கோவிலின் அருகாகப் போகிறது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கங்களில் பழைய ஆறுகள் ஏறமுடியாத நிலங்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது.

அரசாங்கம் வைத்த பெயர் "கல்லணைக் கால்வாய்". மக்கள் வைத்த பெயர் "புது ஆறு".

1934-க்கு முன் அளந்து அச்சிட்ட தாளில் இந்த நீலக் கோடு கிடையாது. அதற்குப் பிறகு அளந்த தாளில் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு ஆறு பிறந்ததைக் கண்ணால் பார்க்கலாம்!

அடுத்த மாற்றம் அளவில் வந்தது. 1956-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நாடு மைலை விட்டுக் கிலோமீட்டருக்கு மாறியது. அதற்குப் பிறகு வந்த புதிய தாள்களில் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று கணக்கு. ஒரு அங்குலப் படத்தின் காலம் முடிந்தது.

குளம் எங்கே?

ஆறு பிறந்ததைக் காட்டும் படம், குளம் செத்ததையும் காட்டும். பழைய தாளின் பெரிய பயன் இதுதான்.

பழைய தாளையும், இன்றைக்குச் செயற்கைக்கோள் எடுக்கும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய தாளில் ஊருக்கு மேற்கே ஒரு நீல வட்டம். புதிய படத்தில் அங்கே வீடுகள் இருந்தால்? பழைய தாளில் ஊரைச் சுற்றி ஒரு நீலக் கோடு. புதிய படத்தில் அது பாதி வழியில் நின்றுவிட்டால்?

தூர்ந்துபோன வாய்க்கால் பாசன வாய்க்காலாக இருந்தால், கடைமடைக்காரர் குறுவைக்கும் சம்பாவுக்கும் தண்ணீர் இல்லாமல் தவிப்பார். அது வடிகாலாக இருந்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஊர் மூழ்கும். படுகையில் பல வாய்க்கால்களுக்கு இரண்டு வேலையும் உண்டு. மேல் ஊரின் வடிகால், கீழ் ஊரின் பாசனம். ஆகவே ஒரு வாய்க்கால் அடைபட்டால், ஒரு ஊர் வெள்ளத்தாலும் அடுத்த ஊர் வறட்சியாலும் கெடும்.

சமமான பூமி அல்லவா? வழியை அடைத்தால் தண்ணீர் தானாக வேறு பள்ளம் தேடி ஓடிவிடாது. அங்கேயே நிற்கும். நெற்பயிர் அழுகும்.

குளம், குட்டைகள் ஊருக்குப் பொதுவானவை, அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2001-ம் ஆண்டு தீர்ப்புக் கூறியது. ஏரிகளை அளந்து எல்லை குறிக்கவும், ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ம் ஆண்டு தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது.

படத்தை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் அதனால் முடிந்த அளவுக்குத்தான் நம்ப வேண்டும்.

ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற கணக்கில், அரை மில்லிமீட்டர் கோடு போட்டாலே தரையில் அது சுமார் 100 அடி அகலம்! பத்தடி வாய்க்காலும் படத்தில் அகலமாகத்தான் தெரியும். ஆகவே, "படத்தில் இவ்வளவு அகலம் இருக்கிறது, இடத்தைக் காலி செய்" என்று யாரிடமும் சண்டைக்குப் போக முடியாது.

நிலம் யாருக்குச் சொந்தம் என்பதையும் இந்தப் படம் சொல்லாது. அதற்கு வருவாய்த் துறையின் கிராமப் படமும், சர்வே எண் போட்ட புலப்படமும் இருக்கின்றன.

அப்படியானால் இதனால் என்ன பயன்? தனித்தனிப் புலப்படத்தில் ஒரு வயல்தான் தெரியும். கிராமப் படத்தில் ஒரு ஊர்தான் தெரியும். இந்தத் தாளில்தான் தண்ணீர் எங்கிருந்து புறப்பட்டு, எந்த எந்த ஊர் வழியாக, எங்கே போய்ச் சேர்ந்தது என்ற முழுக் கதையும் தெரியும். எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதை இது காட்டும். தேடிய இடத்தில் அளந்து சொல்ல வேண்டியது புலப்படம்.

பூட்டு திறந்தது

ஒரு காலத்தில் கடற்கரைப் பக்கத்துத் தாள்களும் எல்லைப் பக்கத்துத் தாள்களும் பாதுகாப்புக் காரணத்தால் பூட்டிவைக்கப்பட்டன.

2005-ம் ஆண்டு மத்திய அரசு, ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று படங்களை இரண்டாகப் பிரித்தது. 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் விதிகள் மேலும் தளர்த்தப்பட்டன.

1950-ம் ஆண்டுகளில் அமெரிக்க ராணுவம், இந்திய நில அளவைப் படங்களை ஆதாரமாக வைத்து, அங்குலத்துக்குச் சுமார் நாலு மைல் என்ற கணக்கில் இந்தியாவுக்குப் படம் போட்டது. அந்தப் படங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் சின்ன வாய்க்கால்கள் தெரியாது. ஆனால் ஆறுகள் பிரியும் அழகைப் பார்க்கலாம்.

தாத்தாவும் பேரனும்

வாய்க்காலின் பெயர் தாத்தாவுக்குத் தெரியும். படம் பார்க்கப் பேரனுக்குத் தெரியும். இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்தால் போதும். ஊரில் எத்தனை குளம் இருந்தது, எத்தனை இருக்கிறது என்ற கணக்கு வந்துவிடும். குறைவு தெரிந்தால், கிராம சபையில் எழுந்து கேட்க ஒரு ஆதாரமும் கையில் இருக்கும்.

அடுத்த முறை தஞ்சாவூரிலிருந்து திருவையாறுக்குப் பஸ்சில் போகும்போது, பிள்ளைகளை ஜன்னல் ஓரத்தில் உட்காரவையுங்கள். பாலங்களை எண்ணச் சொல்லுங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி.

ஐந்து ஆறும் சரியாக வந்துவிடும். ஆறு பெரியது, அதை யாரும் மறைக்க முடியாது.

வீட்டுக்குத் திரும்பியதும், உங்கள் ஊர் வாய்க்காலை எண்ணிப் பாருங்கள்.